பால் டம்ளரை நிறுத்தச் சொன்ன அமிலம்

நம்ம ஊர்க்காரங்க வாட்ஸ்அப் குழுக்கள்ல ஒரு செய்தி சுத்திக்கிட்டு இருக்கு. உங்களுக்கும் வந்திருக்கும், இல்லேன்னா கூடிய சீக்கிரம் வந்துடும். சாப்பாட்டுல இருக்கிற டிரிப்டோபேன்ங்கிற சத்து உடம்புக்குள்ள போய் குயினோலினிக் ஆசிட்னு ஒரு விஷமா மாறுதாம். அது மூளை செல்களைக் கொல்லுதாம். மறதி நோய், கை நடுக்கம் எல்லாத்துக்கும் அதுதான் மூலகாரணமாம். அதனால வீட்டுல இருக்கிற வயசானவங்களுக்குப் பால், முட்டை, பருப்பு, வேர்க்கடலை எல்லாத்தையும் நிறுத்திடணுமாம். கீழே ஒரு பவுடர் டப்பா படம், ஒரு போன் நம்பர்.

இதுல பாதி உண்மை. அதுதான் எனக்குக் கவலையே. முழுப் பொய்யா இருந்தா சிரிச்சிட்டு அழிச்சிடலாம். பாதி உண்மைங்கிறதால, நல்லாப் படிச்ச பிள்ளைங்களே மாட்டிக்கிறாங்க. சந்தேகப்பட்டு கூகுள்ல தேடினா நிஜமாவே ஆராய்ச்சிக் கட்டுரைகள் வந்து விழுது. எல்லாத்துலயும் 'நியூரோடாக்சின்'னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு. அதுக்கு மேல படிக்க யாருக்குப் பொறுமை இருக்கு, சொல்லுங்க.

என் கட்சியை முதல்லயே சொல்லிடறேன். இந்த அமிலத்தைக் காரணம் காட்டி ஒரு பெரியவரோட தட்டுல இருந்து ஒரு கரண்டி பருப்பைக் கூட எடுக்கக் கூடாது. நான் டாக்டர் இல்ல. பி.காம்., பேங்க் உத்தியோகம். கெமிஸ்ட்ரி பத்தாங்கிளாஸோட முடிஞ்சு போச்சு (முடிஞ்சதுல எனக்கும் சந்தோஷம், எங்க வாத்தியாருக்கும் சந்தோஷம்). ஆனா ரெண்டு மாசமா ராத்திரி உட்கார்ந்து இதைப் பத்திப் படிச்சிருக்கேன். புரியாத இடத்தை எங்க கிளைக்கு வர்ற ஒரு நரம்பியல் டாக்டரம்மாகிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். ஏன் இவ்வளவு மெனக்கெட்டேன்னா, இந்தச் செய்தி எங்க வீட்டுக்குள்ளயே வந்துடுச்சு.

அப்பாவுக்கு 81 வயசு. கோவில்பட்டியில அக்கா வீட்டுல இருக்கார். அல்சைமர்னு சொல்லி நாலு வருஷம் ஆச்சு. நான் ஹைதராபாத்ல, தம்பி பூனாவுல. தம்பிக்கு இந்தச் செய்தி யாரோ அனுப்ப, அவன் அதை அக்காவுக்கு அனுப்பி, கூடவே பவுடருக்கும் ஆர்டர் போட்டுட்டான். டப்பா 3,800 ரூபாய். அக்கா எனக்குப் போன் போட்டா. "ஏல, சின்னவன் பால் குடுக்காதங்கான், பருப்பு குடுக்காதங்கான், முட்டை ஆகவே ஆகாதுங்கான். பெறகு என்னத்தலே குடுக்க?" அதெல்லாம் நிறுத்த வேண்டாம்னு நான் சொன்னேன். ஆனா அக்காவுக்குப் பயம். சின்னவன் கம்ப்யூட்டர்ல பெரிய வேலை பார்க்கறவன், நாலும் தெரிஞ்சுதானே சொல்லுவான்னு ஒரு நினைப்பு. மூணு வாரம் கஞ்சி, ரசம் சாதம், பவுடர். அப்பா ரெண்டரை கிலோ இறங்கிட்டார்.

அதைக்கூட விடுங்க. ஒரு நாள் ராத்திரி திடீர்னு அப்பா கத்த ஆரம்பிச்சிருக்கார். போர்வையைப் பிய்க்கிறார், இல்லாத ஆளைப் பார்த்துப் பேசறார், அக்காவையே யார்னு கேட்கறார். அக்கா பயந்து போய் அந்த டப்பாவுல இருந்த நம்பருக்குப் போன் பண்ணினா, விஷம் வெளியேறும்போது அப்படித்தான் இருக்கும், பவுடரை ரெண்டு வேளையா ஆக்குங்கன்னு பதில். ரெண்டு நாள் அப்படியே போச்சு. மூணாவது நாள் திருநெல்வேலிக்குத் தூக்கிக்கிட்டுப் போனா, யூரின் இன்ஃபெக்ஷன். மருந்து கொடுத்து, குளுக்கோஸ் ஏத்தி, ஒரு வாரத்துல பழைய மறதிக்காரரா திரும்பி வந்துட்டார். டாக்டர் நல்லாத் திட்டினாராம். திட்டு வாங்க வேண்டியவன் அந்த போன் நம்பர்காரன். வாங்கினது அக்கா.

சரி, இப்ப அந்த அமிலத்துக்கு வருவோம்.

டிரிப்டோபேன்கிறது ஒரு அமினோ அமிலம். 1901ல இங்கிலாந்துல ஹாப்கின்ஸ்ங்கிறவர் இதைப் பிரிச்சு எடுத்தார். நம்ம உடம்பால இதைச் செய்ய முடியாது, சாப்பாட்டுல இருந்துதான் வரணும். புரதம் எங்கெல்லாம் இருக்கோ அங்கெல்லாம் இதுவும் கொஞ்சம் இருக்கும். நமக்குத் தேவையும் ரொம்பக் கொஞ்சம்தான். உலக சுகாதார நிறுவனத்தோட கணக்குப்படி ஒரு கிலோ உடல் எடைக்கு ஒரு நாளைக்கு 4 மில்லிகிராம். 60 கிலோ ஆளுக்குக் கால் கிராம் கூட இல்ல. இதுல ஒரு பங்கு உடம்போட சொந்தப் புரதங்களைக் கட்டப் போகுது. நூத்துல ஒண்ணு ரெண்டு பங்கு, எல்லாரும் பேசறாங்களே அந்த செரடோனினா மாறுது. மிச்சம் இருக்கிறதுல பெரும்பகுதி, உடைக்கப்படறதுல நூத்துக்குத் தொண்ணூறுக்கு மேல, கைனுரெனின் பாதைன்னு ஒரு வழியில போகுது. பேரு எங்க இருந்து வந்ததுன்னா, 1853ல லீபிக்னு ஒரு ஜெர்மன் விஞ்ஞானி நாயோட மூத்திரத்துல இருந்து கைனுரெனிக் ஆசிட்னு ஒண்ணைக் கண்டுபிடிச்சார். கிரேக்க மொழியில நாய்க்கு வர்ற சொல்லை வச்சே பேரும் வச்சுட்டார். ஒரு பெரிய விஞ்ஞானத்துக்கு இப்படி ஒரு ஆரம்பம்!

இந்தப் பாதை நடுவுல ரெண்டா பிரியுது. ஒரு பக்கம் போனா இப்பச் சொன்ன கைனுரெனிக் ஆசிட். இன்னொரு பக்கம் போனா, சில படி தாண்டி, நம்ம கதாநாயகன் குயினோலினிக் ஆசிட். அதுவும் அங்கேயே நிக்கிற சரக்கு இல்ல. அடுத்த படியில ஒரு என்சைம் அதை மாத்தி, என்ஏடிங்கிற பொருளுக்கு வழி விடுது. ஒவ்வொரு செல்லும் சாப்பாட்டுல இருந்து சக்தி எடுக்கறதுக்கு என்ஏடி வேணும். நியாசின்னு ஒரு வைட்டமின் இருக்கே, அது நமக்கு வேணும்கிறதே இந்த என்ஏடிக்காகத்தான். சாப்பாட்டுல நியாசின் குறைஞ்சா டிரிப்டோபேன்ல இருந்து உடம்பு ஈடு கட்டிக்கும். சுமாரா 60 மில்லிகிராம் டிரிப்டோபேன், 1 மில்லிகிராம் நியாசினுக்குச் சமம்னு கணக்கு வச்சிருக்காங்க.

பேங்க்காரனுக்கு இது உடனே புரிஞ்சுடும். இது சஸ்பென்ஸ் அக்கவுண்ட். சஸ்பென்ஸ்ல எண்ட்ரி விழறது தப்பே இல்ல. எங்க போடணும்னு தெரியிற வரைக்கும் பணம் அங்க நிக்கும், அப்புறம் உரிய கணக்குக்குப் போயிடும். பிரச்சனை எப்ப வரும்னா, உள்ள வர்றது கூடி, வெளியே போறது குறைஞ்சு, எண்ட்ரிகள் தேங்கி நிக்கும்போது. அப்பத்தான் இன்ஸ்பெக்ஷன்காரங்க வந்து கழுத்தைப் பிடிப்பாங்க. அதுக்காக, சஸ்பென்ஸ்ல பணம் நிக்குதேன்னு எந்த மேனேஜராவது வாசல்ல நின்னு வாடிக்கையாளர்கிட்ட டெபாசிட்டே வாங்காதேன்னு சொல்வாரா? அந்த வாட்ஸ்அப் செய்தி சொல்றது அதைத்தான்.

விஷம்கிற பேரு ஏன் வந்ததுன்னா, அதுக்குக் காரணம் இருக்கு. மூளை செல்கள் மேல என்எம்டிஏ ரிசப்டர்னு ஒரு வாசல் இருக்கு. நாம புதுசா ஒண்ணைக் கத்துக்கறதுக்கும் ஞாபகம் வச்சுக்கறதுக்கும் அந்த வாசல் திறந்து மூடணும். குயினோலினிக் ஆசிட் அந்த வாசலைத் திறக்கும். அதோட பங்காளி கைனுரெனிக் ஆசிட் அதே வாசலை அடைக்கும். வாசல் ரொம்ப நேரம் திறந்தே கிடந்தா கால்சியம் வெள்ளமா உள்ள புகுந்து செல் செத்துப் போகும். 1981ல லண்டன்ல ஸ்டோன், பெர்கின்ஸ்னு ரெண்டு பேர் இது எலி மூளையில செல்களைத் தூண்டுதுன்னு காட்டினாங்க. 1983ல அமெரிக்காவுல ஷ்வார்ட்ஸ் குழு, எலி மூளைக்குள்ள இதை நேரா ஊசியில ஏத்தினா அந்த இடத்துல செல்கள் சாகுதுன்னு காட்டினாங்க. 1986ல பீல் குழு, அந்தச் சேதம் ஹண்டிங்டன் நோய்ல மனுஷ மூளையில நடக்கிற சேதம் மாதிரியே இருக்குன்னு எழுதினாங்க. ஹண்டிங்டன்கிறது பரம்பரையா வர்ற கொடுமையான நோய். கை கால் தானா ஆடும், புத்தி மங்கும். அந்த நோய்க்குக் காரணம் இந்த அமிலமோன்னு அப்ப ஒரு பெரிய எதிர்பார்ப்பு.

ஆனா 1993ல ஹண்டிங்டனுக்குக் காரணமான மரபணுவையே கண்டுபிடிச்சுட்டாங்க. அதுல ஒரு எழுத்துக் கூட்டம் அளவுக்கு மீறி திரும்பத் திரும்ப வருது, அதுதான் நோய். அப்ப அந்த அமிலம்? கூட்டாளியா இருக்கலாம். முதலாளி இல்ல. சுத்தியலால பூட்டை உடைச்சா திருடு போன வீட்டுப் பூட்டு மாதிரியே தெரியும். அதை வச்சு திருடன் சுத்தியலோடதான் வந்தான்னு எஃப்ஐஆர் போட முடியுமா? நோயோட ஆரம்ப நிலையில இறந்தவங்க மூளையில இந்த அமிலம் கூடுதலா இருந்ததாச் சொன்ன ஆய்வு இருக்கு. நோயாளிகளோட தண்டுவட நீரை எடுத்து அளந்து, வித்தியாசம் ஒண்ணும் இல்லேன்னு 2021ல வந்த ஆய்வும் இருக்கு. ரெண்டையும் செஞ்சவங்க நேர்மையான ஆளுங்கதான். விஞ்ஞானம் அப்படித்தான் நகரும். 'இதுதான் மூலகாரணம்'னு கொட்டை எழுத்துல போடறவன்தான் நேர்மை இல்லாதவன்.

இன்னும் ஒண்ணு. மூளைக்குள்ள இருக்கிற குயினோலினிக் ஆசிட் பெரும்பாலும் எங்க இருந்து வருது? நேத்து குடிச்ச பால்ல இருந்து நேரா வரல. ரத்தத்துல இருக்கிற குயினோலினிக் ஆசிட் மூளைக்குள்ள சுலபமா நுழையாது, நடுவுல ஒரு தடுப்பு இருக்கு. மூளையிலயே மைக்ரோகிளியான்னு காவல்கார செல்கள் இருக்கு, அதுங்கதான் இதைச் செய்யுது. எப்பச் செய்யும்னா, அழற்சி வந்தா, கிருமி வந்தா. உடம்புல இன்ஃபெக்ஷன் வரும்போது இன்டர்ஃபெரான்னு ஒரு அபாயச் சங்கு ஊதும். உடனே டிரிப்டோபேனை உடைக்கிற என்சைம் ஓவர்டைம் பார்க்கும். கிருமிக்குச் சாப்பாடு கிடைக்கக் கூடாதுன்னு உடம்பு டிரிப்டோபேனை அழிக்கிற தந்திரம் அது. எய்ட்ஸ் நோயாளிகளோட தண்டுவட நீர்ல இந்த அமிலம் ரொம்பக் கூடியிருந்ததை 1991லயே ஹேய்ஸ் குழு காட்டினாங்க. அவங்க யாரும் முட்டை அதிகமாச் சாப்பிட்டதால அது கூடல.

எலிகளுக்கு டிரிப்டோபேனை மட்டும் தனியா, பெரிய அளவுல ஏத்தினா மூளையில இந்த அமிலம் கூடத்தான் செய்யுது. நான் அதை மறைக்கல. ஆனா பால்லயும் பருப்புலயும் டிரிப்டோபேன் தனியா வர்றதில்ல, மத்த அமினோ அமிலங்களோட சேர்ந்து வருது. எல்லாம் மூளைக்குள்ள போற ஒரே வாசல்ல முண்டியடிக்குது, ரேஷன் கடை க்யூ மாதிரி. அதனால ஒரு டம்ளர் பாலுக்கும் எலிக்குப் போட்ட ஊசிக்கும் சம்பந்தம் இல்ல.

இப்ப நான் பார்த்துக் கவலைப்படற விஷயம் என்னன்னு புரியுதா? எங்கப்பாவுக்கு வந்த யூரின் இன்ஃபெக்ஷன் இருக்கே, இந்த அமிலத்துக்கு உண்மையிலேயே பயப்படறவன் முதல்ல கவனிக்க வேண்டியது அந்த மாதிரி இன்ஃபெக்ஷனைத்தான். பாலை நிறுத்திட்டு இன்ஃபெக்ஷனை விட்டுட்டாங்க. வயசானவங்களுக்கு, அதுலயும் ஏற்கெனவே மறதி இருக்கிறவங்களுக்கு, ஒரே நாள்ல திடீர்னு குழப்பம் வந்தா அதுக்கு டெலீரியம்னு பேரு. இன்ஃபெக்ஷன், மலச்சிக்கல், தண்ணி குறையறது, புதுசா ஆரம்பிச்ச மாத்திரை, இதுல ஏதாவது ஒண்ணு காரணமா இருக்கும். பெரும்பாலும் சரி பண்ணக் கூடியது. மறதி நோய் ஒரே ராத்திரியில அப்படித் தாவாது. தூரத்துல இருக்கிற பிள்ளைங்க அக்கா, அண்ணி, அம்மாவுக்கு ஏதாவது ஒரு செய்தி அனுப்பியே ஆகணும்னா, தயவுபண்ணி இதை அனுப்புங்க.

இப்ப ஹைதராபாத் கதை. இது எனக்கே ஆச்சரியமா இருந்தது, ஏன்னா நான் தினமும் அந்த வழியாத்தான் ஆபீஸ் போறேன். தார்நாகா பக்கம், உஸ்மானியா யுனிவர்சிட்டிக்குப் பக்கத்துல தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இருக்கு. அதோட பூர்வீகம் நம்ம குன்னூர். 1918ல அங்க ஒரு சின்ன அறையில பெரிபெரி ஆராய்ச்சிக்குன்னு மெக்காரிசன் ஆரம்பிச்சது. 1958ல ஹைதராபாத்துக்கு வந்தது. நம்மளை மாதிரிதான், பொழைக்க இங்க வந்துடுச்சு! அதுல ரொம்ப காலம் தலைமைப் பொறுப்புல இருந்தவர் டாக்டர் சி. கோபாலன். சேலத்துல பிறந்தவர், மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல படிச்சவர். 100 வயசைத் தாண்டி 2019ல சென்னையில காலமானார்.

அந்தக் காலத்துல ஹைதராபாத் ஆஸ்பத்திரிகளுக்கு ஒரு விதமான நோயாளிகள் வருவாங்க. வெயில் படற இடமெல்லாம் தோல் கருத்து உரியும், கழுத்தைச் சுத்தி மாலை போட்ட மாதிரி தடம். வயித்துப்போக்கு. அதோட புத்தி தடுமாற்றம். மனநல ஆஸ்பத்திரியிலயே கூட இவங்க இருந்தாங்க. நோய்க்குப் பேரு பெல்லாக்ரா. வந்தவங்க எல்லாம் தக்காணத்து ஏழைங்க, சோளத்தையே மூணு வேளையும் சாப்பிட்டவங்க. இதே நோய் அமெரிக்காவோட தென் பகுதியில 20ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துல மக்காச்சோளம் மட்டுமே சாப்பிட்ட ஏழைங்களைக் கொத்துக் கொத்தா கொண்டு போனது. கோல்ட்பெர்கர்னு ஒரு டாக்டர் இது தொத்து நோய் இல்ல, சாப்பாட்டுக் குறைதான்னு அங்க போராடினார். 1937ல எல்வெஜெம், மருந்து நியாசின்தான்னு கண்டுபிடிச்சார். நாம இவ்வளவு நேரம் பேசின பாதை இருக்கே, அது வறண்டு போனா வர்ற நோய் இது. டிரிப்டோபேனும் போதல, நியாசினும் போதல, என்ஏடி தயாராகல.

மக்காச்சோளத்துக்கு அந்த விளக்கம் பொருந்துச்சு. நம்ம சோளத்துக்குப் பொருந்தல. அதுல டிரிப்டோபேன் அவ்வளவு மோசமாக் குறையல. கோபாலனும் ஸ்ரீகாந்தியாவும் 1960ல லான்செட்ல ஒரு யோசனையை முன்வச்சாங்க: சோளத்துல லியூசின்னு இன்னொரு அமினோ அமிலம் அதிகம், அதுதான் டிரிப்டோபேன் நியாசினா மாறறதைக் குழப்புதோன்னு. அந்த ஆய்வகத்துக்காரங்க அப்புறம் பல வருஷம் எலிகள்ல இந்தப் பாதையோட என்சைம்களை ஒவ்வொண்ணா அளந்து பார்த்தாங்க, குயினோலினிக் ஆசிட்டை அடுத்த படிக்கு ஏத்தற என்சைம் உள்பட. வெளிநாட்டு ஆய்வகங்கள்ல எல்லாரும் இதை ஒத்துக்கல, விவாதம் ரொம்ப நாள் நடந்தது. எனக்கு அதுல தீர்ப்புச் சொல்ற தகுதி இல்ல. ஆனா உலகம் பூரா மூளை ஆராய்ச்சிக்காரங்க இந்த அமிலத்தைப் பத்திப் பேச ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே, நம்ம ஊர் ஏழையோட தட்டை வச்சு இங்க இந்தப் பாதையைத் துருவிக்கிட்டு இருந்தாங்கங்கிறது எத்தனை பேருக்குத் தெரியும்?

பெல்லாக்ராவோட மூணாவது அறிகுறி டிமென்ஷியா. அதே மறதி, அதே குழப்பம். பாதை வறண்டாலும் மூளை கெடும், ஒரு இடத்துல தேங்கினாலும் மூளை கெடும். அந்த போன் நம்பர்காரன் பருப்பையும் பாலையும் முட்டையையும் நிறுத்தச் சொல்லும்போது நம்மளை எந்தப் பக்கம் தள்ளறான்னு பாருங்க. அரிசிக் கஞ்சியும் ரசமும் மட்டும் குடிக்கிற 81 வயசுக்காரருக்கு மூணு வாரத்துல பெல்லாக்ரா வராதுதான். ஆனா தசை கரையும். தசை கரைஞ்சா விழுவார், விழுந்தா இடுப்பு எலும்பு, அப்புறம் படுக்கை. ஐசிஎம்ஆரும் இதே ஹைதராபாத் நிறுவனமும் சேர்ந்து 2020ல போட்ட அளவு, ஒரு கிலோ எடைக்கு 0.83 கிராம் புரதம் ஒரு நாளைக்கு. 55 கிலோ பெரியவருக்கு 45 கிராம் சொச்சம். நம்ம வீட்டுப் பெரியவங்க பல பேர் காபி, ரெண்டு இட்லி, ரசம் சாதம்னு முடிச்சுக்கறாங்க, இந்த அளவைத் தொடறதே கஷ்டம். இதுல இன்னும் வெட்டச் சொன்னா எப்படி?

தசையைப் பத்திச் சொல்லும்போது ஒரு விஷயம். 2014ல ஸ்வீடன்ல கரோலின்ஸ்கா நிறுவனத்துல எலிகளை வச்சு ஒரு ஆய்வு வந்தது. உடற்பயிற்சி செஞ்ச தசை, ரத்தத்துல இருக்கிற கைனுரெனினைப் பிடிச்சு, மூளைக்குள்ள போக முடியாத கைனுரெனிக் ஆசிட்டா மாத்திடுதாம். அது மன அழுத்தத்தைப் பத்தின ஆய்வு, மறதியைப் பத்தி இல்ல, அதுவும் எலியில. இதை வச்சு நாளைக்கே ஒருத்தன் 'நடந்தால் அல்சைமர் ஓடும்'னு போடுவான். நான் அப்படிச் சொல்லல. ஆனா அப்பாவை சாயங்காலம் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டுத் தெருமுனை வரைக்கும் நடக்க வைக்கிறதுக்குச் செலவு ஒண்ணும் இல்ல பாருங்க.

மருந்து ஏதாவது வந்திருக்கான்னு கேட்பீங்க. 1981ல இருந்து நாப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. இந்த அமிலம் உருவாகறதைத் தடுத்து மூளை நோயைக் குணப்படுத்தற மருந்துன்னு ஒண்ணு கூட இன்னும் ஒப்புதல் வாங்கல. 2011ல ஒரு மருந்து எலிகள்ல நல்லா வேலை செஞ்சதா பெரிய செய்தி வந்தது, அடுத்த வருஷமே அது எப்படி வேலை செய்யுதுன்னு கேள்வி கிளம்பிடுச்சு. மெமான்டின்னு ஒரு மாத்திரை, அப்பாவும் சாப்பிடறார், அந்த என்எம்டிஏ வாசலை லேசா அடைக்கிறது. 2003ல அமெரிக்காவுல ஒப்புதல் வாங்கினது. கொஞ்சம் உதவும், நோயை நிறுத்தாது. 2024ல சயன்ஸ் இதழ்ல ஸ்டான்ஃபோர்டுக்காரங்க, டிரிப்டோபேனை உடைக்கிற முதல் என்சைமையே தடுத்தா அல்சைமர் எலிகளுக்கு ஞாபகம் திரும்புதுன்னு காட்டினாங்க. வேடிக்கை என்னன்னா, அதுல அவங்க குற்றம் சாட்டினது குயினோலினிக் ஆசிட்டை இல்ல, அதுக்கு முந்தின கைனுரெனினை. மூளை செல்லுக்குப் போக வேண்டிய சாப்பாட்டை அது தடுக்குதாம். நாப்பது வருஷம் கழிச்சு ஆராய்ச்சிக்காரங்களே இன்னும் எந்தப் படியில தப்பு நடக்குதுன்னு தேடிக்கிட்டு இருக்காங்க. பவுடர்காரனுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சது?

பவுடர்னா என்ன கெட்டுடப் போகுது, வேலை செஞ்சா சரி, செய்யலேன்னா போகுதுன்னு சொல்றவங்களுக்கு: 1989ல அமெரிக்காவுல இதே டிரிப்டோபேனைத் தூக்க மாத்திரை மாதிரி கடையில வித்தாங்க. தயாரிப்புல ஏதோ கலப்படம். 1,500 பேருக்கு மேல தசை வலியும் ரத்தக் கோளாறுமா விழுந்தாங்க, 37 பேராவது இறந்தாங்க. இயற்கையானதுன்னு நம்பித்தான் வாங்கினாங்க அவங்களும்.

இந்தியாவுல 60 வயசுக்கு மேற்பட்டவங்கள்ல 7.4 சதவீதம் பேருக்கு டிமென்ஷியான்னு 2023ல வந்த ஆய்வு சொல்லுது. சுமாரா 88 லட்சம் பேர். அதுல எத்தனை பேரோட பிள்ளைங்க வெளியூர்ல இருக்காங்கன்னு யாரும் கணக்கு எடுக்கல. எங்க கவுண்டருக்கு வர்ற பெரியவர் ஒருத்தர், மனைவிக்கு மறதின்னு ஏதோ 'மூளை சுத்திகரிப்பு' கோர்ஸுக்காக ஒன்றரை லட்சம் எஃப்.டி.யை முதிர்ச்சிக்கு முன்னாடி உடைக்க வந்தார். நான் என்ன சொல்லியும் கேட்கல. அவர் பணம், அவர் கையெழுத்து, நான் பாஸ் பண்ணித்தான் ஆகணும். அந்த ஒன்றரை லட்சத்துல அந்த அம்மாவுக்குப் பல மாசம் பகல்ல ஒரு ஆள் வச்சிருக்கலாம், அவரும் கொஞ்சம் தூங்கியிருக்கலாம்.

நம்மளை மாதிரி வெளியூர்ல இருக்கிறவங்ககிட்ட இவங்க குறி வைக்கிறதுக்குக் காரணம் இருக்கு. நம்ம கையில இருக்கிறது ஒரு போன். அதுல செய்ய முடியிறது பணம் அனுப்பறதும், ஆர்டர் போடறதும், அதைக் கொடு, இதைக் கொடுக்காதேன்னு சொல்றதும். ராத்திரி ரெண்டு மணிக்கு அப்பாவுக்கு வேட்டி மாத்தறது அக்கா. அவளுக்குப் பவுடர் டப்பா அனுப்பறதுல நமக்கு ஒரு நிம்மதி கிடைக்குது, அவளுக்கு இன்னொரு வேலை கூடுது. தம்பிகிட்ட இதைச் சொன்னேன். ரெண்டு நாள் பேசல. அப்புறம் டப்பா காசை அக்கா கணக்குக்கு மாசா மாசம் போட்டுடறதா ஒத்துக்கிட்டான், ராத்திரிக்கு ஆள் வைக்க. பாதி நான், பாதி அவன். அப்பாவுக்கு இப்பப் பாலும் உண்டு, பாசிப்பருப்பும் உண்டு, முட்டை வாரத்துல நாலு. எடை ஒன்றரை கிலோ ஏறியிருக்கு. அதனால மறதி குறைஞ்சுடல. குறையும்னு யாரும் சொல்லவும் இல்ல.

இதைப் படிச்சிட்டு, அப்பச் சோளம் ஆபத்தான்னு யாராவது கேட்கறதுக்கு முன்னாடி சொல்லிடறேன். இங்க ஹைதராபாத்ல இப்ப ஜொன்ன ரொட்டிக்குத்தான் மவுசு. சர்க்கரைக்கு நல்லதுன்னு வீட்டம்மாவும் வாரத்துல மூணு நாள் தட்டறாங்க. பெல்லாக்ரா வந்தது சோளம் சாப்பிட்டவங்களுக்கு இல்ல, சோளத்தைத் தவிர வேற ஒண்ணும் கிடைக்காதவங்களுக்கு. பப்பு, தயிர், ஒரு துண்டு மீன், இதுல எது கூட இருந்தாலும் கவலையே வேண்டாம், தாராளமாச் சாப்பிடுங்க. சுடச்சுட சாப்பிடணும், ஆறினா பப்படம் மாதிரி ஆயிடும்.